நம் பிள்ளைகளின் ஆங்கிலம் நம் வாசலில் தொடங்கட்டும்



சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளானுக்கு வடக்கே உள்ள ஒரு தோட்டத்திற்குக் கிளைக் கூட்டத்தின் பொருட்டு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்ததும், மருந்தடிக்கும் வேலை செய்யும் ஓர் அம்மையார் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். வாசலில் கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் டின் வைத்திருந்தார்கள். வீட்டில் பாத்திரம் கழுவுவது அந்தத் தண்ணீரில்தான்.

டின்னின் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கண்டதும் நமக்குத் திடுக்கென்றது. அது புல்லுக்கு அடிக்கும் விஷ மருந்து வந்த டின்! மலாய் எழுத்து இருந்த பாதி உரிந்து போயிருந்தது. ஆங்கிலம் இருந்த பாதி மட்டும் எஞ்சி நின்றது.

அந்த அம்மையாரின் மகள் மூன்றாம் பாரம் படிக்கும் பெண். "பாப்பா, அதில என்னம்மா போட்டிருக்கு? ஐயாவுக்குப் படிச்சுச் சொல்லு" என்றார் தாய். பெண் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். "இதெல்லாம் எங்க பாடத்துல வரலம்மா" என்றாள்.

கூட்டத்துக்கு வந்திருந்த கிராணியார் ஒருவர் எழுந்து வந்து படித்துச் சொன்னார். காலி டின்னை மூன்று தடவை அலச வேண்டும். பிறகு ஓட்டை போட்டுப் புதைத்துவிட வேண்டும். அதில் தண்ணீரோ சாப்பாட்டுப் பொருளோ வைக்கவே கூடாது என்று எழுதியிருந்தது. ஓட்டை போடு என்பதற்கு அங்கே அச்சாகியிருந்த சொல் 'பஞ்சர்'. மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சரானால் தோட்டத்துக் குழந்தை கூட அச்சொல்லைச் சொல்லும். எழுத்தில் கண்டபோது மூன்றாம் பாரத்துப் பெண்ணுக்கே அது தெரியவில்லை.

"ஏங்க ஐயா, இத்தனை வருஷமா இந்த டின்னு ஸ்டோர்ல உங்க கண்ணு முன்னாலதானே கிடக்கு?" என்று அம்மையார் கேட்டார். "நீங்க கேக்கலியேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிராணியார் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்ணின் ஆங்கில நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். அழகான கையெழுத்து. சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. வடதுருவத்தில் பனிக்கட்டி உருகுவதால் வெள்ளைக் கரடி படும் துன்பத்தை எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையில் பாராட்டியிருந்தார்.

வெள்ளைக் கரடிக்காக இரங்குவது நல்லதே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கரடியின் பனிக்கட்டியை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த பெண்ணுக்குத் தன் தாயின் கையில் இருக்கும் விஷத்தின் பெயரைப் படிக்கத் தெரியவில்லையே! இந்தக் குறை யாருடையது? பெண்ணுடையது அல்ல. அவளுக்குக் கற்றுக் கொடுத்த முறையில் எங்கோ ஒரு கோணல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று நம் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

வேலியாக இருந்த மொழி

ஆங்கிலம் நம் தோட்டப்புறத்தில் என்றுமே வெறும் பாடமாக இருந்ததில்லை. அது ஒரு வேலியாக இருந்தது. வேலிக்கு அப்பால் துரை; வேலியின் வாசலில் கிராணியார்; வேலிக்கு இப்பால் லயத்து மக்கள். துரை சொன்னதைக் கிராணியார் சொன்னால்தான் நமக்குத் தெரியும். நாம் சொன்னதைக் கிராணியார் சொன்னபடிதான் துரைக்குத் தெரியும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி நடத்தும்படி தோட்ட நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த இடம் கொடுத்தது. பள்ளிகள் வந்தன. எப்படி வந்தன? ஆயாக்கொட்டகையின் ஓரத்திலும் ஸ்டோரின் மூலையிலும் வந்தன. கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியார் ஆனார். எழுத்தும் கணக்கும் கொஞ்சம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் தெரிந்தால் மரம் வெட்ட ஆள் கிடைக்காது என்பதே அன்றைய எஜமானர்களின் எண்ணம்.

இதை நம் முன்னோர் அறியாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் என்ன கேட்டார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். அதிகாரிகளின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையைக் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அந்தப் பட்டியலிலேயே, தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில் பட்டாளமும் துப்பாக்கிச் சூடும். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆகவே, நம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றித் தொழிற்சங்க ஏடு பேசுவது ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். அது நம் கோரிக்கைகளில் மிகப் பழையதொன்று.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலப் பாடம் உண்டு. ஆயினும், வேலி முற்றிலும் விழுந்துவிட்டதா? விழவில்லை என்பதற்கு அந்த மழைநீர் டின்னே சாட்சி.

பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது

"அரசாங்கப் பாடத்திட்டம் அப்படி இருக்கிறது, ஆசிரியர் என்ன செய்வார்?" என்று சிலர் கேட்கலாம். பாடத்திட்டத்தைப் பார்ப்போம். 2017இல் தொடங்கிய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்கு நான்கு கருப்பொருள்கள் வகுக்கப்பட்டன. மக்களும் பண்பாடும் ஒன்று. உடல்நலமும் சுற்றுச்சூழலும் மற்றொன்று. அறிவியலும் தொழில்நுட்பமும் மூன்றாவது. பயனீடும் பணத்தைக் கையாளும் அறிவும் நான்காவது. அதுமட்டுமன்றி, சுற்றுச்சூழலைக் காப்பது என்பது எல்லாப் பாடங்களிலும் ஊடாட வேண்டிய கூறு என்றும் வைக்கப்பட்டது. ஆக, சுற்றுச்சூழலைக் கொண்டு ஆங்கிலம் கற்பிக்கக் கதவு திறந்தே இருக்கிறது. யாருடைய சுற்றுச்சூழல் என்பதுதான் கேள்வி.

2018இல், ஐரோப்பிய மொழித்தர அளவுக்கு ஏற்றவாறு கற்பிக்க வேண்டும் என்று வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் புத்தகங்களை நம் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தார்கள். நம் நாட்டு வாழ்க்கை அவற்றில் இல்லையே என்று பெற்றோரும் ஆசிரியரும் அப்போதே பேசினார்கள். உலகத்துக்கெல்லாம் ஒன்றாக அச்சிட்ட புத்தகத்தில் நம் நிரையும் மங்கும் எப்படி வரும்? புத்தகம் அச்சிட்டவர் மீது பழியில்லை. புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே சற்று வெளியே பார்க்க வேண்டிய வேலை நம்முடையது.

இது நம் சொந்தக் கற்பனையும் அல்ல. 1977 அக்டோபரில் ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில், ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பும் கூட்டிய மாநாட்டில் சுற்றுச்சூழல் கல்விக்கு நெறிகள் வகுத்தார்கள். எல்லாப் பாடங்களோடும் அது இணைய வேண்டும் என்றும், இளம் பிராயத்தில் பிள்ளையின் சொந்தச் சமூகத்தைச் சூழ்ந்துள்ளவற்றுக்குத் தனி அழுத்தம் தர வேண்டும் என்றும் அவற்றில் சொல்லியிருக்கிறார்கள். சொந்த ஊரை முதலில் பார், பிறகு துருவத்துக்குப் போ என்பதுதான் அதன் சாரம்.

பால்மரத்தின் கீழ் ஒரு வகுப்பு

எப்படிக் கற்பிப்பது? நாம் ஆசிரியர் அல்ல. என்றாலும் கண்ணால் கண்டதைச் சொல்ல ஆசிரியர் பட்டம் தேவையில்லை.

பால்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மரம் நம் நாட்டு மரம் அல்ல. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அடுத்த ஆண்டில் அங்கிருந்து கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அந்தக் கன்றுகளின் வழிவந்த மரங்கள்தாம் நம் பாட்டனையும் பூட்டனையும் கப்பலேற்றிக் கிள்ளானுக்குக் கொண்டு வந்தன. ஒரு விதையின் பயணத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்குப் பூகோளமும் வரும், சரித்திரமும் வரும், தன் குடும்பம் இங்கே வந்த காரணமும் விளங்கும்.

'ரப்பர்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, இந்தப் பொருள் பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்கிறது என்று எழுதி வைத்தார். தேய்ப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரப்'. தேய்ப்பது 'ரப்பர்'. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் பென்சில் பெட்டியிலும் கிடக்கும் துண்டுக்கும், அப்பா விடியற்காலையில் வெட்டும் மரத்துக்கும் ஒரே பெயர் ஏன் என்று ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுத்தால், அந்தச் சொல்லைப் பிள்ளை மறக்குமா?

இலக்கணத்துக்கு வருவோம். 'இஃப்' என்று தொடங்கும் வாக்கியம் நம் பிள்ளைகளுக்குக் கடினம் என்கிறார்கள். "இஃப் இட் ரெய்ன்ஸ், வி டூ நாட் டாப்." மழை பெய்தால் வெட்டு இல்லை. இதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டுமா? மரப்பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும் என்பதும், வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலிக்கு என்ன கதி என்பதும் அதற்குப் பால் குடிக்கும் வயதிலிருந்தே தெரியும். 'பிகாஸ்' என்ற சொல்லும் அப்படித்தான். ஏன் விடியுமுன் வெட்டுகிறோம்? குளிர்ந்த வேளையில் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏற ஏற ஓட்டம் குறைகிறது. காரணமும் விளைவும் பிள்ளையின் தலையில் முன்பே இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை இணைக்கும் ஒரு சொல்தான் பாக்கி.

'விண்டர்' என்ற சொல்லைக் கேளுங்கள். நம் பிள்ளைகள் அதைப் பனிக்கட்டிப் படத்தோடு மனப்பாடம் செய்கிறார்கள். பார்க்காத பனி, தொடாத பனி. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரங்கள் சிவந்து, இலை கொட்டி, மொட்டையாக நிற்கும் காலத்தைத் துரைமார் என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? 'விண்டரிங்' என்று அழைத்தார்கள். அந்தக் காலத்தில் பால் குறையும். வீட்டில் வருமானமும் குறையும். கடைக்காரரிடம் கணக்கு ஏறும் மாதங்கள் அவை. அப்படியிருக்க, 'விண்டர்' என்ற சொல்லின் பொருளை நம் வீட்டு அடுப்பு நன்றாகவே அறியும். பள்ளிக்கூடம் ஏன் அறியக்கூடாது?

கிள்ளானும் கொசுவும் புகையும்

தோட்டம் இல்லாத இடத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நம் தோழர்களின் பிள்ளைகள் பலர் இன்று அடுக்குமாடி வீட்டில் வளர்கிறார்கள். அவர்களுக்கும் வாசல் உண்டு. வாசலுக்கு எதிரில் கால்வாய் உண்டு.

அந்தக் கால்வாய்க்கு ஒரு பெரிய கதை உண்டு. 1897இல் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் இந்தியாவில் செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவினுள் வளர்வதைக் கண்டுபிடித்தார். நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்ற மாவட்ட மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். ஊரெல்லாம் மலேரியா. புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், காய்ச்சல். வாட்சன் சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டவும், புதர்க்காட்டை அழிக்கவும் செய்தார். காய்ச்சல் தணிந்தது. பிற்பாடு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. அந்த வடிகால்களை வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. மலேரியாவை ஒடுக்குவதில் உலகத்துக்கு முன்மாதிரியாக நின்ற ஊர்களில் ஒன்று கிள்ளான் என்பது எத்தனை கிள்ளான் பிள்ளைகளுக்குத் தெரியும்? கொசு, முட்டை, தேங்கிய நீர், வடிகால் ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொண்டு, கையோடு பள்ளியைச் சுற்றிக் கிடக்கும் டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்து வைக்கலாம். பாடமும் ஆயிற்று, டெங்கிக் காய்ச்சலுக்குத் தடுப்பும் ஆயிற்று.

பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு ஊரின் பெயரே பாடம். 'பிரிக்' என்றால் செங்கல். 'பீல்ட்' என்றால் வயல். செங்கல் விளையும் வயலா என்று பிள்ளை சிரிக்கும், சிரிக்கட்டும். 1881இல் கோலாலம்பூரை முதலில் தீயும், அதே ஆண்டு இறுதியில் வெள்ளமும் அழித்தன. அத்தாப்பு வீடுகளுக்குப் பதில் செங்கல் வீடுகள் கட்டவேண்டும் என்று ஆட்சியாளர் உத்தரவிட்டார்கள். களிமண் தோண்டிச் செங்கல் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூர் என்ற பெயருக்கோ சேறு கலந்த ஆற்றுக் கூடல் என்று பொருள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் அது. 2021 டிசம்பர் 18இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து, ஸ்ரீ மூடா குடியிருப்பில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றதை நாம் கண்டோம். ஆற்றைப் பற்றிய பாடத்துக்கு மிசிசிப்பிக்குப் போக வேண்டுமா?

புகைமூட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 2005 ஆகஸ்டு 11இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் சிலாங்கூரில் பள்ளிகளை மூடினார்கள். பள்ளியையே மூடிய புகையைப் பற்றி, பள்ளி திறந்த பிறகு ஒரு பாடம் நடத்த வேண்டாமா? எல்லை தாண்டும் புகையைப் பற்றி ஆசியான் நாடுகள் 2002 ஜூனில் ஓர் ஒப்பந்தம் செய்தன. அது கையெழுத்தானது நம் கோலாலம்பூரில், எழுதப்பட்டது ஆங்கிலத்தில். நம் பிள்ளையின் மூச்சைப் பற்றிய ஒப்பந்தத்தை நம் பிள்ளை படிக்க வேண்டும்.

நம்மைப் பற்றி நாமில்லாமல் பேசுகிறார்கள்

தோழர்களே! ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். சுற்றுச்சூழல் என்ற பெயரால் இன்று நம் தொழிலைப் பற்றியே உலகம் பேசுகிறது. செம்பனைக்காக 2004இல் ஏற்பட்ட வட்டமேசை அமைப்பின் செயலகம் கோலாலம்பூரில் இருக்கிறது. அதன் நெறிகளில் காடும் வருகிறது, தொழிலாளியின் உரிமையும் வருகிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம், காட்டை அழித்து விளைந்த பொருளை வாங்குவதில்லை என்று சட்டம் இயற்றியது. அதன் பட்டியலில் செம்பனையும் உண்டு, ரப்பரும் உண்டு. இவையெல்லாம் ஆங்கிலத்தில் பேசப்படுகின்றன. மேசையைச் சுற்றி முதலாளி இருக்கிறார், வியாபாரி இருக்கிறார், காட்டை நேசிப்பவர் இருக்கிறார். மரத்தை வெட்டுபவனும் மருந்தை அடிப்பவளும் அங்கே என்ன மொழியில் பேசுவார்கள்?

பராகுவாட் என்னும் புல் மருந்தின் கதையை மறக்க வேண்டாம். உள்ளே போனால் மாற்று மருந்து இல்லாத கொடிய விஷம் அது. அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். மூக்கில் இரத்தம் வடிந்தது, நகம் கழன்றது. 2002இல் தெனகநித்தா அமைப்பு இந்தப் பெண்களின் துயரத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டில் அரசாங்கம் தடை விதித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020இல்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் போன ஆண்டுகள் எத்தனை! பெண்கள் தமிழில் சொன்ன துன்பத்தை வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதிய பிறகே உலகத்தின் காதில் விழுந்தது. எழுதியவர்களுக்கு நம் நன்றி. ஆனால் அடுத்த அறிக்கையை அந்தப் பெண்களின் மகள் எழுத வேண்டும் என்பது நம் ஆசை.

மூன்று ஆட்சேபங்கள்

இதற்கு ஆட்சேபங்கள் வரும். மூன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

முதலாவது, மிகவும் மதிக்கத்தக்கது. "தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துச் சொல்லையே கற்றுக் கொடுத்தால், அவன் தோட்டத்திலேயே கிடக்க வேண்டியதுதானே? அன்று துரை நினைத்ததும் இதைத்தானே?" என்று கேட்பார்கள். இல்லை. அன்றைய எஜமானர் மரத்தின் அடியில் தொடங்கி மரத்தின் அடியிலேயே முடித்தார். நாம் மரத்தின் அடியில் தொடங்கி பிரேசிலுக்கும் லண்டனுக்கும் செகந்திராபாத்துக்கும் போகச் சொல்கிறோம். கால் ஊன்றத் தரை வேண்டும். தாவுவதற்கும் அந்தத் தரைதான் வேண்டும். ஊன்றாமல் தாவியவர் எத்தனை பேர் இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே விழுந்து, பள்ளியை விட்டு நின்றிருக்கிறார்கள் என்பதை நம் லயங்கள் சொல்லும்.

இரண்டாவது: "ஆங்கிலம் ஆங்கிலம் என்றால் தமிழ் என்னாவது?" தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் படி என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். நம் முறையில் தமிழ்தான் முதற்படி. மரத்தைத் தமிழில் அறிந்த பிள்ளைதான் அதை ஆங்கிலத்தில் சொல்லும். பாட்டியிடம் பழைய தோட்டத்துக் கதையைத் தமிழில் கேட்டு வந்து, ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மொழியும் வளரும். பாட்டிக்கும் மரியாதை கூடும்.

மூன்றாவது: "தேர்வில் மதிப்பெண் வருமா?" வரும் என்றே நம்புகிறோம். தேர்வில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள், கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். சொல்ல ஒரு விஷயம் இல்லாத பிள்ளை, சொல்லை மனப்பாடம் செய்து என்ன எழுதும்? தன் வீட்டுக்கு எதிரே அடைபட்டுக் கிடக்கும் கால்வாயைப் பற்றி நகராண்மைக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் பழகிய பிள்ளைக்குத் தேர்வுக் கடிதம் ஒரு பொருட்டல்ல. விண்ணப்பத்தை உண்மையாகவே அனுப்பலாம், கால்வாயும் சுத்தமாகும்.

செய்ய வேண்டியவை

ஆகவே, கீழ்க்கண்டவற்றை நாம் கேட்டுக்கொள்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு: வாரத்தில் ஒரே ஓர் ஆங்கில வகுப்பைப் பள்ளிச் சுவருக்கு வெளியே நடத்துங்கள். மரம், கால்வாய், ஆறு, சந்தை, குப்பைத்தொட்டி என எதுவானாலும் சரி. பிள்ளை தொட்டுப் பார்த்த பொருளின் பெயரை அன்று பத்து மட்டும் எழுதட்டும்.

பெற்றோருக்கு: வேலை முடிந்து வந்த களைப்பில், "படிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உளியையும் வாளியையும் காட்டி, "இதுக்கு இங்கிலீசுல என்னப்பா?" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாததைப் பிள்ளை சொன்னால் மகிழுங்கள். பிள்ளைக்குத் தெரியாததை, அதாவது வெட்டு எப்படிப் போட வேண்டும் என்பதை, நீங்கள் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் நீங்களும் ஒரு வாத்தியார்தான். மருந்து வந்த காலி டின்னை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

கிராணிமாருக்கும் அலுவலகத் தோழர்களுக்கும்: கேட்டால்தான் சொல்வேன் என்ற காலம் போகட்டும். மாதத்தில் ஓர் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு டின்னின் எச்சரிக்கையையும் பிள்ளைகளைக் கொண்டு படிக்க வைத்து, தமிழில் ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஆங்கிலம் உங்கள் தகப்பனார் வியர்வை சிந்தி வாங்கிக் கொடுத்தது. அதைப் பங்கிட்டால் குறையாது.

கிளைச் சங்கங்களுக்கு: அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பாலர் பள்ளியானாலும் இடைநிலைப்பள்ளியானாலும், நம் ஊர், நம் ஆறு, நம் மரம் ஆகியவற்றைப் பற்றிய சிறு ஆங்கில வாசகம் ஒன்றை எளிய நடையில் எழுதி அச்சிட, ஆசிரியரும் கிராணியாரும் ஒன்றாக உட்காரட்டும்.

தொடக்கத்தில் சொன்ன பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். அன்று நாம் கிளம்பும்போது கிராணியார் அவளுக்கு ஓர் ஆணியும் சுத்தியலும் கொண்டு வந்து கொடுத்தார். டின்னின் நீரை அவள் கொட்டினாள். கிராணியார் எழுத்தைக் கூட்டிச் சொல்லச் சொல்ல, அவளும் 'பஞ்சர்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே டின்னில் ஓட்டை போட்டாள். தாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல் இனி அவளுக்கு மறக்காது. அப்படிப்பட்ட ஆங்கிலம்தான் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.